மூன்று நாள் கை வைக்காதீர்கள்



உவரிக் கடற்கரையில் சாயங்கால வெயில் தாழ்ந்த பிறகு நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி தெரிந்திருக்கும். ஒரு பக்கம் அந்தோணியார் கோயில். கப்பல் வடிவத்திலேயே கட்டிய கப்பல் மாதா கோயில். இன்னொரு பக்கம் சுயம்புலிங்க சுவாமி கோயில். அங்கே நேர்த்திக்கடன் நேர்ந்தவர்கள் கடலுக்குள் இறங்கி, மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு வந்து கரையில் கொட்டுவார்கள். இடையிலே இழுத்துப் போட்ட வள்ளங்கள். வள்ளங்களுக்கு நடுவே கிடக்கிற மணல்வெளியில் பையன்கள். வாலிபால் வலை கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் காலால் கோடு இழுத்துக் கபடி ஆடுவார்கள்.

அந்த மணலில் ஆடியவர்களில் நானும் ஒருவன். பதினாறு வயதில் ஒரு நாள் பாடிப் போனேன். திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். உடம்பு ஒரு பக்கம் போனது, பாதம் இன்னொரு பக்கம் உள்வாங்கி மடங்கியது. விழுந்த அரை நிமிஷத்துக்குள் என்னைச் சுற்றிப் பத்துப் பேர். "ஏல, ஒண்ணும் இல்லல, எந்திரி. காலை உதறு. நடந்தா சரியாப் போவும்." நடக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். சுளுக்கு வழிக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்லெண்ணெயைச் சூடாக்கி, பெருவிரலை எலும்போரத்தில் ஊன்றி, மேலிருந்து கீழே வழித்தார். நான் கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. "கத்தட்டும், கத்தினாத்தான் சுளுக்கு இறங்குது" என்றார்கள். ராத்திரி வெந்நீர் ஒத்தடம். மறுநாள் காலையில் கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நாலாவது நாள்தான் எக்ஸ்ரே. வெளிக்கணு எலும்பில் முறிவு.

என்மேல் கோபப்பட்டு யாரும் அதைச் செய்யவில்லை. அத்தனை பேரும் பாசத்தால்தான் செய்தார்கள். பின்னாளில் இயன்முறை மருத்துவம் படித்து, ஆட்டக்காரர்களின் கால்களையும் தோள்களையும் தொட்டே பிழைக்கிறவன் ஆனேன். தொடுவதையே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன் என்பதால் இதைக் கேளுங்கள்: ஆட்டத்தில் அடிபட்ட மூட்டையும் சதையையும் முதல் மூன்று நாள் யாரும் தடவக் கூடாது, வழிக்கக் கூடாது, உருவக் கூடாது.

ஏன் என்று கேட்டால் உடம்புக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அதில் ஒரு பாதத்துக்கு 26 வீதம், இரண்டு பாதத்திலும் சேர்த்து 52. உடம்பின் மொத்த எலும்பில் நாலில் ஒரு பங்கு நம் செருப்புக்குள்ளே இருக்கிறது. இத்தனை சிறிய எலும்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருப்பது ஜவ்வு. சதையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருப்பது தசைநாண். ஊரில் இரண்டையுமே "நரம்பு" என்றுதான் சொல்கிறோம், "நரம்பு பிசகிட்டு" என்கிறோம். நரம்பு வேறு, அது மூளையிலிருந்து சேதி கொண்டுபோகிற கம்பி. பிசகுவது பெரும்பாலும் ஜவ்வு.

சதைக்குப் பெயர் வைத்ததில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். காலின் பின்பக்கம் திரண்டிருக்கும் சதைக்குக் கெண்டைச் சதை என்று மீனின் பெயர் கொடுத்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் சதைக்குச் சொல்லும் சொல் லத்தீனில் சுண்டெலி என்ற பொருளிலிருந்து வந்தது. தோலுக்கு அடியில் ஓடுகிற ஒன்றை அவர்கள் எலியாகப் பார்த்தார்கள், நாம் மீனாகப் பார்த்தோம். உவரி மணலில் பெட்டி சுமந்து நடக்கிறவர்களின் காலைப் பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கெண்டை துள்ளுவது தெரியும். மணலில் நடப்பது லேசான காரியம் இல்லை. கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஓடினால் ஒன்றரை மடங்குக்கு மேல். மணல் விழுந்தவனை மெத்தை போலத் தாங்கும், ஆனால் கணுக்காலை நிலையாக நிற்க விடாது.

கணுக்கால் பிசகும்போது என்ன நடக்கிறது? பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. வெளிப்பக்கத்தில் இருக்கிற ஜவ்வு அந்த இழுப்பைத் தாங்குகிறது. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. கயிறுதான். ஜவ்வு புரி புரியாக முறுக்கிய கயிறு. சில சமயம் புரிகள் இழுபட்டுத் தளர்ந்துபோகும், அறாது. சில சமயம் பாதிப் புரி அறும். சில சமயம் கயிறே அறுந்து இரண்டாகப் போகும். மூன்றுக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றுதான்: வீக்கம், வலி. அதனால்தான் மூன்றையும் ஒரே சொல்லில் "சுளுக்கு" என்று சொல்லிவிடுகிறோம்.

புரி அறுந்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுந்திருக்கும். ரத்தம் கசிந்து உறையும். அந்த உறைவின் மேல்தான் உடம்பு புதிய இழைகளைப் பின்னத் தொடங்குகிறது. வீக்கம் என்பது உடம்பு தன் ஆட்களை வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்பதன் அடையாளம். கிழிந்த வலையை மடியில் போட்டு ஒருவர் பின்னிக்கொண்டிருக்கும்போது, வலையின் மறுமுனையைப் பிடித்து யாராவது இழுப்பார்களா? முதல் மூன்று நாளில் வழிப்பதும் உருவுவதும் அந்த இழுப்புதான். உறைந்த ரத்தம் கலைகிறது, மறுபடி கசிகிறது. சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து இன்னும் கசியும். ஆட்டம் முடிந்து வலி மறக்கக் குடித்தாலும் இதே கதைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து முழங்கையிலும் தொடையிலும் உண்டு. பலமாக அடிபட்ட சதையைத் திரும்பத் திரும்ப அழுத்தி உருவினால், அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு விளைந்துவிடும். ஆமாம், சதை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு. முழங்கையை மடக்க முடியாமல், கவளத்தை வாய்வரை கொண்டுபோக முடியாமல் வருகிற பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் நம் நாட்டில் இன்றைக்கும் பார்க்கிறார்கள். பலரிடம் விசாரித்தால் "எண்ணெய் போட்டு உருவினோம்" என்ற பதில் வரும்.

சரி, தடவவில்லை. என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். வலி மருந்தை ஸ்ப்ரே அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே அனுப்பாதீர்கள். வலி ஒரு காவல்காரன். அவன் வாயைப் பொத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது தப்பு.

அடுத்தது ஐஸ். இதில் உவரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பெரிய ஊர் மைதானத்தில்கூட அவசரத்துக்கு ஐஸ் கிடைக்காது. மீன் இறங்குகிற கரையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். உடைத்த ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துண்டைச் சுற்றி, அடிபட்ட இடத்தில் பத்திலிருந்து பதினைந்து நிமிஷம் வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். மீன் ஐஸ் சுத்தமானதல்ல, அதனால் திறந்த காயத்தில் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் நாளில் நாலைந்து தடவை போதும்.

ஐஸ் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலு சொல் மந்திரத்தை 1978-ல் ஒரு புத்தகத்தில் உலகத்துக்குச் சொன்னவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் அதைப் பாடமாக வைத்தார்கள். 2014-ல் அதே மிர்க்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தையே திருத்திக்கொண்டார். 36 வருஷம் தன் பெயரோடு ஒட்டியிருந்த ஒன்றைத் தானே மாற்றிச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்றைக்கு நான் சொல்வது: ஐஸ் வலியைக் குறைக்க, காயத்தை ஆற்ற அல்ல. வலி தாங்கும்படி இருந்தால் நிறுத்திவிடலாம். முழு ஓய்வும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். முறிவு இல்லை என்று தெரிந்ததும், வலி அனுமதிக்கிற அளவுக்குக் காலை அசைக்கத் தொடங்க வேண்டும். ஜவ்வின் புதிய இழைகள் எந்தத் திசையில் பின்ன வேண்டும் என்பதை அசைவுதான் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கும்.

முறிவா, வெறும் பிசகா? எக்ஸ்ரே இல்லாத கடற்கரையில் எப்படிக் கண்டுபிடிப்பது? 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வகுத்தார்கள். அடிபட்டவர், நொண்டியாவது, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? உள்கணு, வெளிக்கணு இரண்டின் பின்னோரத்தையும் நுனியையும் விரலால் மெல்ல அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரம் நடுவில், சுண்டுவிரலுக்கு நேராகப் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவின் மேலிருக்கும் எலும்பிலோ வலிக்கிறதா? நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, இந்த எலும்புகளில் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நான் நடக்க முடியாமல் கிடந்ததற்கு இதுதான் அர்த்தம் என்று அன்றைக்குத் திண்ணையில் யாருக்காவது தெரிந்திருந்தால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சோதனையைக்கூட நம்பி இருந்துவிடாதீர்கள். வளர்கிற பிள்ளைகளின் நீண்ட எலும்புகளுக்கு நுனிப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பால் ஆன ஒரு பகுதி இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுவரை, பையன்களுக்கு இன்னும் ஓரிரு வருஷம் கூடவும், அது மூடாது. அந்த வயதில் ஜவ்வைவிட இந்தத் தட்டுதான் பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு கிழிகிற அதே விழுகையில் பிள்ளைக்குத் தட்டு உடையும். அதை வழித்தால், அந்த எலும்பு கோணலாக வளரலாம், குட்டையாக நின்றும் போகலாம். ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு "சுளுக்குதான்" என்று வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

முறிவு என்று சந்தேகம் வந்தால் அசையாமல் கட்ட வேண்டும். கோணலாக இருந்தாலும் நேராக்க முயலக் கூடாது; இருக்கிற நிலையிலேயே கட்டுங்கள். கையில் என்ன கிடைக்கிறதோ அது போதும். கனமாக மடித்த செய்தித்தாள், அட்டைப்பெட்டியின் பக்கம், ஒரு பலகைத் துண்டு. பனைமட்டையும் ஆகும், கருக்கைச் சீவிவிட்டு. முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் இருக்கிற மூட்டுகள் இரண்டும் அசையாதபடி கட்டு இருக்க வேண்டும். தோள் இறங்கிவிட்டால் இழுத்து மாட்ட முயலாதீர்கள். இடுப்பில் இருக்கிற சாரத்தை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் தூளியாக மாட்டி, கையை அதில் தாங்கி உட்கார வைத்தே கூட்டிப் போங்கள்.

கட்டு என்றதும் இறுக்கிக் கட்டுவதுதான் நல்ல கட்டு என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மூங்கில் சிம்பு வைத்து, முட்டைப் பத்துப் போட்டு, இறுக்கிக் கட்டி, கை வீங்க வீங்கக் கட்டு இன்னும் இறுகி, விரல்கள் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. தசைகள் உறைகளுக்குள் இருக்கின்றன. உறைக்குள் அழுத்தம் ஏறினால் ரத்தம் நுழையாது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிறகு போட்ட அழுத்தக் கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததில் கால் அகற்றப்பட்டது. அந்தப் பெண் உயிரையும் இழந்தார். படித்தவர்கள் கையிலேயே கட்டு இப்படி எமனாகும் என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! கட்டுப் போட்ட பிறகு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவப்புக்குத் திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் கட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் சரியாகாவிட்டால் நேராக ஆஸ்பத்திரி.

முழங்காலைப் பற்றிப் பேசாமல் கபடியைப் பேச முடியாது. 2022 அக்டோபரில் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணிக்காகப் பவன் ஷெராவத் தன் முதல் போட்டியில் இறங்கினார். 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனவர். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத தொகை. அந்த முதல் போட்டியிலேயே முழங்காலில் அடிபட்டு, சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். முழங்காலின் நடுவே குறுக்காக ஓடுகிற முன்ஜவ்வு மூன்று நாலு சென்டிமீட்டர்தான் நீளம். ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது, யாரும் மோதாமலேயே அது அறும். "டப்" என்று சத்தம் கேட்டதாக ஆட்டக்காரர்களே சொல்வார்கள். ஓரிரு மணி நேரத்தில் மூட்டு முழுக்க வீங்கிவிட்டால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். இது வழித்து எடுக்கிற சுளுக்கே இல்லை. அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி அறுகிற வாய்ப்பு அதிகம். பவன் பொறுத்திருந்தார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கத்தோடு திரும்பினார். நம் பக்கத்துக் கோயில் கொடைப் போட்டிகளில் ஆடுகிற பையனோ, அறுந்த முழங்காலில் ஒரு உறையை மாட்டிக்கொண்டு அடுத்த வாரமே இறங்குகிறான். ஜவ்வோடு நின்றிருக்க வேண்டிய சேதம் பரவி, மூட்டுக்கு இடையே இருக்கிற தட்டும் குருத்தெலும்பும் தேய்ந்து, முப்பது வயதில் கடல் வேலைக்குப் போக முடியாமல் நிற்கிறான். வள்ளத்தில் நிற்க முழங்கால் வேண்டாமா?

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன். தலையிலோ கழுத்திலோ அடிபட்டு விழுந்தவனைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். விழுந்தவன் எழ முயல்கிறான் என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கத்தில் பாடிப் போன 22 வயது இளைஞர் ஒருவர் பிடிபட்டு விழுந்து, எழ முயன்று, களத்திலேயே சாய்ந்து இறந்துபோனதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் காட்சி கைபேசிகளில் சுற்றியது. மயங்கிக் கிடப்பவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. கழுத்து அசையாமல் தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றால் மட்டும் கழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் அளவு இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள்.

சுளுக்கு வழிக்கிற பெரியவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர்கள் கையில் பழக்கம் இருக்கிறது, சதை எங்கே இறுகியிருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடுவார்கள். அந்தக் கைக்கு ஒரு காலம் உண்டு. முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, வீக்கம் வடிந்த பிறகு, இறுகிப்போன கெண்டைச் சதையை இளக்க அந்தக் கை வரட்டும். ஆட்டத்துக்குத் திரும்பவும் அவசரம் வேண்டாம்: பிசகிய ஒற்றைக் காலில் கண்ணை மூடி அரை நிமிஷம் நிற்க முடிகிறதா, அதே காலில் தத்திக் குதிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அடிபட்டவனை ஆட்டத்துக்குள் விடுங்கள்.

உவரியிலும் சுற்றுவட்டாரத்திலும் கொடைக்கும் பொங்கலுக்கும் மின்னொளிக் கபடி நடத்துகிற கமிட்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை, அன்பளித்தவர் பெயர் எல்லாம் போடுகிறீர்கள். திருநெல்வேலி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து போய்ச்சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த போட்டிக்குக் களத்தோரத்தில் ஒரு பெட்டி உடைத்த ஐஸ், நாலு எலாஸ்டிக் கட்டுத்துணி, இரண்டு பலகை, சாவியோடு ஒரு வண்டி, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆடாத ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்யுங்கள். ஐஸுக்குக் காசு இல்லையென்றால், மீன் இறங்குகிற கரைக்குப் போய் நின்று பிள்ளைகளுக்காக என்று சொல்லிப் பாருங்கள்.